பதக்கம் பறிபோன பிறகும் ஓடினவர்



ஒரு பள்ளி மைதானத்தில் எட்டுப் பெண்பிள்ளைகள் 800 மீட்டர் ஓட்டத்திற்கு ஆயத்தமாக நிற்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். எட்டு வீடுகளிலும் அன்று அதிகாலையில் முழங்கால்படியிட்டு ஜெபம் நடந்திருக்கிறது. எட்டுத் தாய்மாரும், "ஆண்டவரே, என் பிள்ளை முதலாவதாக வரவேண்டும்" என்ற ஒரே விண்ணப்பத்தையே ஏறெடுத்திருக்கிறார்கள். தங்கப் பதக்கமோ ஒன்றுதான். சில நிமிடங்களில் ஓட்டம் முடியும். ஒரு வீட்டில் ஸ்தோத்திரம் எழும்பும். ஏழு வீடுகளில் மவுனம் நிலவும். அந்த ஏழு பிள்ளைகளுக்கும் நாம் என்ன சொல்லப்போகிறோம்? "உன் விசுவாசம் போதவில்லை" என்றா?

இந்தக் கேள்வி மைதானத்தோடு முடிந்துவிடுவதில்லை. எருத்தேன்பதி, கொழிஞ்சாம்பாறை, வடகரப்பதி என்னும் நம் கிழக்குப் பாலக்காட்டு ஊர்களிலிருந்தும், இடுக்கியின் தேயிலை, ஏலத் தோட்டங்களிலிருந்தும் பிழைப்புக்காகக் கோவைக்கும் சென்னைக்கும் பெங்களூருக்கும் குடிபெயர்ந்த குடும்பங்கள் நம்மில் அநேகம். நகரத்தில் நமக்கு எல்லாமே ஒரு பந்தயமாகத்தான் வருகிறது. பிள்ளையின் மதிப்பெண், கல்லூரி இடம், நிரந்தர வேலை, வாடகையில்லாத சொந்த வீடு என்று ஒவ்வொன்றையும் ஜெபக்குறிப்பாக எழுதிக் கொடுக்கிறோம். கிடைத்தவர் மேடையேறிச் சாட்சி சொல்லுகிறார். கிடைக்காதவர் கடைசி வரிசையில் தலைகுனிந்து உட்கார்ந்திருக்கிறார். வெற்றி பெற்றவருக்கே விசுவாசம் இருந்தது என்ற எண்ணம், ஒருவரும் வாய்திறந்து போதிக்காமலேயே, நம் பிள்ளைகளின் உள்ளத்தில் குடியேறிவிடுகிறது.

அந்த எண்ணத்தைச் சோதித்துப் பார்க்க, நம் மலைநாட்டிலிருந்து புறப்பட்டு உலக மேடைவரை ஓடிய ஒரு சகோதரியின் ஓட்டத்தை இந்த மாதம் உங்கள் முன் வைக்கிறேன். அவர் ஷைனி வில்சன். திருமணத்திற்கு முன் ஷைனி ஆபிரகாம். அவருடைய அந்தரங்க ஜெபங்களைப் பற்றி நான் இங்கே கதை கட்டப்போவதில்லை. அவை அவருக்கும் தேவனுக்கும் உரியவை. உலகம் கண்ட அவருடைய ஓட்டத்தை மட்டும் பார்ப்போம். அதுவே நமக்குப் போதுமான பாடம்.

ஷைனி 1965-ஆம் ஆண்டு தொடுபுழாவில் ஒரு கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தார். இன்று அவ்வூர் இடுக்கி மாவட்டத்தில் இருக்கிறது. கேரளத்துப் பெண்பிள்ளைகள் ஓட்டப்பாதையில் கால்வைக்கத் துணிந்த காலம் அது. 1976-இல் கேரள அரசு கண்ணூரில் பெண்களுக்கான விளையாட்டுப் பிரிவைத் தொடங்கியது, பி.டி. உஷா அங்கேதான் உருவானார். ஏழைக் குடும்பத்துப் பெண்ணுக்கும் விடுதியும், ஊட்டமான உணவும், பயிற்சியாளரும் கிடைத்தால் அவள் எவ்வளவு தூரம் ஓடுவாள் என்பதை அந்தத் தலைமுறை காட்டியது. ஷைனியும் அந்தத் தலைமுறையின் மகளே. 1984-இல் லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் 800 மீட்டரில் அரையிறுதிவரை சென்றார். அதே ஒலிம்பிக்கில் உஷா, எம்.டி. வல்சம்மா, வந்தனா ராவ் ஆகியோருடன் 4x400 மீட்டர் தொடர் ஓட்டத்தில் இறுதிச் சுற்றிலும் ஓடினார். 1985-இல் ஜகார்த்தாவில் நடந்த ஆசியத் தடகளப் போட்டியில் 800 மீட்டரில் தங்கம் வென்றார். ஆகவே 1986-இல் சியோல் ஆசிய விளையாட்டுப் போட்டிகளுக்கு அவர் ஆசியாவின் முதன்மை ஓட்டக்காரியாகவே சென்றார்.

அங்கே நடந்ததை விளங்கிக்கொள்ள 800 மீட்டர் ஓட்டத்தின் விதி ஒன்றை அறிந்திருக்கவேண்டும். இந்த ஓட்டத்தில் ஒவ்வொருவருக்கும் ஒரு தடம் ஒதுக்கப்படும். முதல் வளைவு முடியும்வரை அவரவர் தம் தடத்திலேயே ஓடவேண்டும். வளைவின் முடிவில் பாதையின் குறுக்கே ஒரு கோடு இருக்கும். அதைத் தாண்டிய பிறகே எல்லாரும் உள்தடத்திற்கு வரலாம். அதற்குமுன் ஒருவர் உள்ளே வந்துவிட்டால் குறைந்த தூரம் ஓடியவராகிறார். பிறகு எவ்வளவு வேகமாக ஓடினாலும் அந்த ஓட்டம் கணக்கில் வராது.

சியோலில் ஷைனி மற்றவர்களை வெகுவாகப் பின்தள்ளி முன்னே ஓடினார். ஆனால் உள்தடத்திற்கு மாறவேண்டிய இடத்திற்கு முன்னமே மாறிவிட்டார். நடுவர்கள் அவரைத் தகுதிநீக்கம் செய்தார்கள். கைக்கு எட்டியிருந்த தங்கம், சில அடிகள் முன்னதாக எடுத்துவைத்ததினால் பறிபோயிற்று.

இதைச் சற்றே நிதானித்து யோசியுங்கள். பலவீனத்தினால் தோற்றிருந்தால் ஆறுதல் சொல்வது எளிது. எதிரி வஞ்சித்திருந்தால் கோபப்பட்டாவது மனம் ஆறும். ஆனால் தன் காலடியே தனக்கு எதிராயிற்று. பலமும் பயிற்சியும் குறையாதிருக்க, ஒரு கணத்துப் பிழை எல்லாவற்றையும் கொண்டுபோயிற்று. இப்படிப்பட்ட தோல்விதான் மனுஷனை இரவில் தூங்கவிடாது. நம் குடும்பங்களிலும் இது உண்டு. விண்ணப்பத்தில் ஒரு கட்டத்தை நிரப்ப மறந்ததால் வேலை போன மகன் உண்டு. தேர்வு நாளைத் தவறாகக் குறித்துக்கொண்ட மகள் உண்டு. அவர்கள் உங்கள் வீட்டின் ஏதோ ஒரு மூலையில் தங்களையே குற்றப்படுத்திக்கொண்டு உட்கார்ந்திருக்கலாம்.

ஷைனி என்ன செய்தார்? அதே சியோல் போட்டிகளில் 400 மீட்டரில் வெள்ளி வென்றார். 4x400 மீட்டர் தொடர் ஓட்டத்தில் தங்கம் வென்ற அணியில் ஓடினார். தொடர் ஓட்டத்தில் ஒருவர் ஒடுங்கிப்போனால் நால்வரின் உழைப்பும் வீணாகும். தனக்குரிய பதக்கத்தை இழந்தவர், மற்ற மூவருக்காகத் தம் பங்கை ஓடி முடித்தார்.

அதோடு நின்றுவிடவில்லை. 1988-இல் மறுபடியும் சியோலுக்கே, இம்முறை ஒலிம்பிக்கிற்குச் சென்றார். தம்மைத் தகுதிநீக்கம் செய்த நகரத்திற்கு அவர் திரும்பிப் போனார் என்பதைக் கவனியுங்கள். நம்மில் பலர் ஒருமுறை அவமானப்பட்ட தெருவின் வழியாகக்கூட நடப்பதில்லை. நீச்சல் வீரர் வில்சன் செரியனை மணந்து தாயானார். இந்திய உணவுக் கழகத்தில் பணியாற்றி, நம்மைப்போலவே சென்னையைத் தம் ஊராக்கிக்கொண்டார். 1992-இல் பார்சிலோனா ஒலிம்பிக் தொடக்க விழாவில் இந்தியக் கொடியை ஏந்தி அணியின் முன்னே நடந்தார். ஒலிம்பிக்கில் அந்தக் கனத்தைப் பெற்ற முதல் இந்தியப் பெண் அவரே. 1996-இல் அட்லாண்டாவோடு சேர்த்து நான்கு ஒலிம்பிக்குகளைக் கண்டார்.

இவற்றிலும் மேலான ஒன்று உண்டு. 1995 டிசம்பரில் சென்னையில் தெற்காசிய விளையாட்டுப் போட்டிகள் நடந்தன. அப்போது ஷைனிக்கு வயது 30. பிள்ளை பெற்ற பெண்ணின் ஓட்டம் முடிந்தது என்று ஊர் சொல்லும் வயது. அந்த மைதானத்தில் அவர் 800 மீட்டரை 1 நிமிடம் 59.85 விநாடியில் ஓடி முடித்தார். இந்தியப் பெண் ஒருவர் அந்தத் தூரத்தை இரண்டு நிமிடத்திற்குள் ஓடியது அதுவே முதல் முறை. 2010-இல் டின்டு லூகா 1 நிமிடம் 59.17 விநாடியில் ஓடும்வரை, ஏறக்குறைய பதினைந்து ஆண்டுகள் அந்தச் சாதனை நிலைத்திருந்தது. சியோலில் இழந்ததற்கும் சென்னையில் பெற்றதற்கும் இடையே ஒன்பது ஆண்டுகள். அந்த ஒன்பது ஆண்டுகளும் விடியற்காலையில் எழுந்து ஓடிய ஓட்டங்களுக்குக் கைதட்ட ஒருவரும் இல்லை. வீராங்கனையின் மனம் அங்கேதான் உருவாகிறது.

பிரியமானவர்களே, தன் பிழையே தடையாவது ஒருவகை. பிறருடைய தீர்ப்பு தடையாவது இன்னொரு வகை. அதற்கும் நம் மாவட்டத்திலேயே ஒரு சாட்சி உண்டு. பாலக்காட்டுக்கு அருகே முண்டூரைச் சேர்ந்த பி.யு. சித்ரா, கூலி வேலை செய்து பிழைத்த பெற்றோரின் மகள். பள்ளி மைதானத்திலிருந்து வளர்ந்து, 2017 ஜூலையில் புவனேசுவரத்தில் நடந்த ஆசியத் தடகளப் போட்டியில் 1500 மீட்டரில் தங்கம் வென்றார். அடுத்த மாதம் லண்டனில் உலகப் போட்டி. இந்திய அணியின் பட்டியலில் அவர் பெயர் இல்லை. கேரள உயர்நீதிமன்றம் அவரைச் சேர்க்கும்படி உத்தரவிட்டது. ஆனால் பெயர் கொடுக்கும் நாள் கடந்துவிட்டது என்று சர்வதேசக் கூட்டமைப்பு மறுத்துவிட்டது. நீதிமன்றமே பக்கம் நின்றும் கதவு திறக்கவில்லை. சித்ரா கசப்பில் தங்கிவிடவில்லை. 2018-இல் ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் வெண்கலம் பெற்றார். 2019-இல் தோஹாவில் மறுபடியும் ஆசியத் தங்கம் வென்றார்.

மூன்றாவது தடை உடலுக்குள்ளேயே இருப்பது. சங்கனாச்சேரிப் பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்த அஞ்சு பாபி ஜார்ஜ், 2003-இல் பாரிசில் 6.70 மீட்டர் தாண்டி வெண்கலம் வென்றார். உலகத் தடகளப் போட்டியில் பதக்கம் பெற்ற முதல் இந்தியர் அவரே. அதற்கடுத்த ஆண்டு ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் 6.83 மீட்டர் தாண்டினார். தமக்கு ஒரே ஒரு சிறுநீரகம்தான் உண்டென்பதை அவர் 2020 டிசம்பரில்தான் உலகத்திற்கு வெளிப்படுத்தினார். வலி மாத்திரையும் அவர் உடலுக்கு ஒவ்வாது. எம்பித் தாண்டவேண்டிய காலும் பழுதுபட்டது என்றும் கூறினார். வெற்றியின் நாளில் நாம் கண்டது தாண்டுதலை மட்டுமே. அவர் சுமந்து ஓடினதை நாம் காணவில்லை. கணவரும் பயிற்சியாளருமான ராபர்ட் பாபி ஜார்ஜ் தம்முடைய விளையாட்டு வாழ்வை ஒதுக்கிவைத்து மனைவியின் பயிற்சிக்கே தம்மைக் கொடுத்தார். புருஷன் மனைவியின் வரத்தைத் தாங்கி நிற்பதற்கு இதைவிட நல்ல மாதிரி எங்கே தேடுவோம்?

இந்த மூவரின் ஓட்டத்திலும் பொதுவாக இருப்பது என்ன? அவர்கள் எல்லாப் பந்தயங்களிலும் ஜெயிக்கவில்லை. இழந்த பிறகு மறுபடியும் கோட்டில் வந்து நின்றார்கள். விசுவாசம் எதற்கு என்ற கேள்விக்கு இங்கேதான் விடை இருக்கிறது.

வேதத்தை வாசிக்கிற நமக்கு இது புதிதாயிருக்கக்கூடாது. அப்போஸ்தலனாகிய பவுல் தம் மாம்சத்திலுள்ள முள் நீங்கும்படி மூன்று தரம் வேண்டிக்கொண்டார். முள் நீங்கவில்லை, சுமப்பதற்குக் கிருபை கொடுக்கப்பட்டது. பவுலுக்கு விசுவாசம் குறைவு என்று சொல்லத் துணிவோமா? கெத்செமனேயில் நம் ஆண்டவர் தாமே பாத்திரம் நீங்கும்படி வியர்வை சிந்தி ஜெபித்தார். பாத்திரம் நீங்கவில்லை. அத்திமரம் துளிர்க்காமலும் தொழுவத்தில் மாடில்லாமலும் போனாலும் கர்த்தருக்குள் மகிழுவேன் என்ற கருத்தை ஆபகூக் தீர்க்கதரிசி அறிக்கையிட்டது, கையில் ஒன்றும் இல்லாத நாளில். ஆகவே கேட்டது கிடைத்ததா என்பதை வைத்து ஒருவருடைய விசுவாசத்தை அளக்க வேதம் நமக்கு இடங்கொடுக்கவில்லை.

பவுல் கொரிந்து சபைக்கு எழுதும்போது பந்தயச் சாலையை உவமையாக எடுத்ததற்குக் காரணம் உண்டு. கொரிந்துக்கு அருகே இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை இஸ்த்மிய விளையாட்டுகள் நடந்தன. அங்கே வென்றவனுக்குக் கிடைத்தது பைன் மரத் தழையாலோ உலர்ந்த செலரித் தழையாலோ பின்னிய ஒரு முடி. அது சில நாளில் வாடி உதிர்ந்துவிடும். அந்த வாடுகிற முடிக்காக ஓடுகிறவனே உணவிலும் உறக்கத்திலும் இச்சையடக்கமாக இருக்கிறான் என்பதைத்தான் பவுல் சுட்டிக்காட்டினார். தீமோத்தேயுவுக்கு எழுதும்போது, விதிக்குட்பட்டுப் போராடாதவனுக்கு முடியில்லை என்பதையும் நினைப்பூட்டினார். சியோலின் அந்தக் கோடு நினைவுக்கு வருகிறதா? விசுவாசம் நம்மைக் கோட்டுக்கு மேலானவர்கள் ஆக்குவதில்லை. ஜெபித்துவிட்டு வந்தவருக்கும் விதி ஒன்றே, தூரம் ஒன்றே. ஆயத்தப்படுவதும் கோட்டுக்குள் ஓடுவதும் நம்முடைய பங்கு. முடிவு கர்த்தருடைய கரத்தில் இருக்கிறது. நம் பங்கைச் செய்யாமல் முடிவை மட்டும் உரிமை கொண்டாடுவதற்கு விசுவாசம் என்று பெயரிடலாகாது.

இனி நேரடியாக உங்கள் வீட்டுக்கு வருகிறேன். உங்கள் மகள் நன்றாக ஓடுகிறாள் என்று பள்ளியின் உடற்கல்வி ஆசிரியர் சொல்லி அனுப்புகிறார். நீங்கள் என்ன பதில் சொல்லுவீர்கள்? "பெரியவளாகிவிட்டாள், இனி வேண்டாம்" என்பதே நம் குடும்பங்களில் வழக்கமான பதில். பொன்னாபரணம் அணியாத நம் வீட்டுப் பிள்ளைக்குத் தங்கப் பதக்கம் எதற்கு என்று வேடிக்கையாகக் கேட்பவர்களும் உண்டு. உடையைப் பற்றிய தயக்கம் உண்டு. அதை மகளோடும் ஆசிரியரோடும் உட்கார்ந்து பேசித் தீர்க்கலாம். பாதுகாப்பைப் பற்றிய அச்சம் நியாயமானது. ஆகவே பயிற்சியாளரை நேரில் அறிந்துகொள்ளுங்கள், முதல் நாட்களில் மைதானத்துக்கு உடன் செல்லுங்கள், அங்கே நடப்பதையெல்லாம் மகள் உங்களிடம் அச்சமின்றிச் சொல்லும்படி பழக்குங்கள். ஞாயிற்றுக்கிழமைப் போட்டிகளைப் பற்றிய கேள்வியும் எழும். 1924-இல் பாரிஸ் ஒலிம்பிக்கில் எரிக் லிடெல், தமக்குரிய 100 மீட்டரின் தகுதிச் சுற்று ஓய்வுநாளில் வந்ததால் அதை விட்டுக்கொடுத்தார். பிறகு 400 மீட்டரில் தங்கம் வென்றார். அவருடைய தங்கத்தை மட்டும் மேடையில் சொல்லுகிறோம். தங்கம் கிடைக்காமல் போயிருந்தாலும் அவர் எடுத்த முடிவு அதே முடிவுதான் என்பதை உங்கள் பிள்ளைக்குச் சொல்லுங்கள். உங்கள் குடும்பத்தின் தீர்மானம் எதுவாயினும், அதைப் போதகரோடு ஆலோசித்து முன்னமே எடுங்கள். போட்டிக்கு முந்தின இரவில் பிள்ளையின்மேல் சுமத்தாதிருங்கள்.

ஓடுகிற பிள்ளைக்கு உபவாசத்தைக் காட்டிலும் உணவு முக்கியம். முட்டை, நிலக்கடலை, முருங்கைக்கீரை, பயறு ஆகியவை விலையுயர்ந்த பொருள்கள் அல்ல. வளரும் பெண்பிள்ளைகளுக்கு இரத்தசோகை எளிதில் வரும். மகள் அடிக்கடி சோர்ந்துபோனால் அரசு மருத்துவமனையில் இரத்தப் பரிசோதனை செய்யுங்கள். "ஆவிக்குரிய சோர்வு" என்று அதற்குப் பெயர்சூட்டி விட்டுவிடாதேயுங்கள். தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் அரசின் விளையாட்டு விடுதிகள் இருக்கின்றன. தேர்வு எப்போது நடக்கிறது என்று பள்ளியில் விசாரியுங்கள். தேவன் திறக்கிற கதவு சில வேளைகளில் அரசாங்க அறிவிப்புப் பலகையில் ஒட்டப்பட்டிருக்கும்.

எல்லாவற்றிலும் மேலாக, உங்கள் ஜெபத்தின் வார்த்தைகளை மாற்றிப் பாருங்கள். "முதலாவதாக வரச்செய்யும்" என்று மட்டும் பிள்ளையின் காதுகேட்க ஜெபித்தால், இரண்டாவதாக வரும் நாளில் அவள் உங்களை மட்டுமல்ல, கர்த்தரையும் ஏமாற்றிவிட்டதாக நினைப்பாள். "பயமில்லாமல் ஓடப் பெலன் தாரும், உத்தமமாய் ஓட உதவி செய்யும், என்ன நடந்தாலும் உம்முடைய பிள்ளையாகவே வீடு திரும்பச் செய்யும்" என்று ஜெபியுங்கள். எட்டு வீடுகளிலும் இப்படி ஜெபித்தால், எட்டு ஜெபங்களும் ஒரே நாளில் கேட்கப்படக்கூடும்.

தோற்றுத் திரும்பும் பிள்ளையிடம் பேருந்தில் நீங்கள் பேசும் முதல் வார்த்தை எதுவாயிருக்கும்? "எந்த இடம்?" என்பதைவிட, "சாப்பிட்டாயா, கண்ணு?" என்பது நல்ல வார்த்தை. ஓரேப் மலைக்குப் போகும் வழியில் சூரைச்செடியின்கீழ்ச் சோர்ந்துபடுத்த எலியாவிடம் தேவதூதன் முதலில் கணக்குக் கேட்கவில்லை. அப்பமும் தண்ணீரும் வைத்து, எழுந்து சாப்பிடச் சொன்னான். பிரயாணம் வெகுதூரம் மீந்திருந்தது.

உங்கள் மகளுக்கும் பிரயாணம் வெகுதூரம் மீந்திருக்கிறது. அவள் ஒருநாள் மேடையில் நிற்கலாம், நில்லாமலும் போகலாம். பிழைசெய்த பின்பும், பிறர் தடுத்த பின்பும், உடல் சோர்ந்த பின்பும் மறுபடியும் கோட்டில் வந்து நிற்கும் மகளாக அவள் வளர்ந்தால், பெற்றோராகிய உங்கள் ஓட்டம் வீணாயிராது.

கர்த்தர் தாமே உங்கள் பிள்ளைகளின் கால்களைப் பெலப்படுத்தி, உங்கள் வீட்டைச் சமாதானத்தினால் நிரப்புவாராக. ஆமென்.